விற்கிற கட்டில்

பதுளைக் கடைவீதியில் வீரசிங்கத்தின் கடைக்குள் கால் வைத்தவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கட்டிலைத்தான். மொறட்டுவைத் தச்சர்கள் தேக்கில் செய்தது. நாலு காலும் கடைசல், தலைமாட்டில் மயில். அதைச் சுற்றிலும் கண்ணாடி அலுமாரி, வட்ட மேசை, சாய்வு நாற்காலிகள் என்று ஒரு துரை பங்களாவையே நிரப்புகிற சாமான்கள். இத்தனைக்கும் நடுவே வழி கண்டுபிடித்துப் பின்கட்டுக்குப் போனால், அங்கே வீரசிங்கமும் அவர் மனைவி பரிமளமும் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தார்கள்.

பண்டாரவளையோடு நின்றுபோன ரயிலைப் பதுளைக்குக் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியபோதுதான் அவருக்கு இந்தச் சாமான் பைத்தியம் பிடித்தது. அதுவரை துணி விற்றுக்கொண்டு ஒழுங்காக இருந்த மனிதர். பக்கத்துக் கடை அஸீஸ் கொழும்பில் ரப்பர் கம்பெனிப் பங்கு வாங்கிப்போட்டு, இவரையும் கூப்பிட்டார். கண்ணால் பார்க்காத தோட்டத்துக்குக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு எவன் தூங்குவான் என்று வீரசிங்கம் சிரித்தார். ரயில் வந்தால் உத்தியோகத்தர்கள் வருவார்கள், வீடுகள் எழும்பும், வீட்டுக்கு வீடு கட்டிலும் நாற்காலியும் தேடுவார்கள். அன்றைக்குச் சாமான் வைத்திருப்பவன்தான் ராஜா என்று அவர் விளக்கியபோது, பரிமளம் சங்கிலியையும் காப்புகளையும் கழற்றிக் கொடுத்தாள். மஞ்சள் கயிற்றில் தாலி மட்டும் மிஞ்சியது.

ரயில் வரவில்லை. ஜெர்மன் சண்டை வந்தது. சண்டை முடிந்த பிறகும் மலையைக் குடைகிறார்கள், பாலம் கட்டுகிறார்கள் என்று வருஷங்கள் ஓடின. பண்டாரவளையிலிருந்து வண்டிக்கார முருகையாவின் மாட்டு வண்டியில் ஆடி அசைந்து வந்த சாமான்கள் வந்த இடத்திலேயே நின்றன. எப்போதாவது ஒரு நாற்காலி போகும். மற்றபடி தூசி தட்டுவதுதான் பரிமளத்தின் வேலை. ஒருநாள் முதுகு விட்டுப்போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வீரசிங்கம் கோபிக்கவில்லை. "விக்கிற சாமான், பரிமளம்" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திராது. அதற்குப் பிறகு கடைச் சாமான் எதிலும் அவள் உட்காரவே இல்லை.

தெமோதரை வரைக்கும் தண்டவாளம் வந்துவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த மார்கழியில் அடைமழை பிடித்தது. பின்கட்டுத் தரை ஊறிப்போயிற்று. வீரசிங்கத்துக்கு மார்ச்சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. ஆளை ஈரத்தரையில் போடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். பரிமளம் கடைப்பக்கம் பார்த்தாள். அவள் பார்த்த இடம் வீரசிங்கத்துக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம். கட்டில்ல ஏதாச்சும் ஆயிட்டா அப்புறம் எவனும் வாங்க மாட்டான். உன் நகை பூரா அதுலதான் இருக்கு."

அவள் கேட்கவில்லை. முருகையாவைக் கூப்பிட்டு இருவருமாகத் தூக்கிக் கிடத்தினார்கள். தடுக்க அவருக்குத் தெம்பில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்: மூச்சு அடங்குமுன் தன்னைத் தரையில் இறக்கிவிட வேண்டும். பரிமளம் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். செத்தால் தரையில்தான் என்பது ஊர் வழக்கமும்கூட, அதனால் அது பெரிய வாக்காக அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் விடிந்தபோது இழுப்பு நின்று மூச்சு மெல்லியதாகிவிட்டது. முருகையா அவள் முகத்தைப் பார்த்தான். இறக்குவதென்றால் அப்போதே இறக்க வேண்டும். ஆனால் அந்த மனிதர் முகத்தில் அப்படியொரு சுகம். தலையணையில் கன்னத்தை அழுத்தி, காலை நன்றாக நீட்டி, வேலை முடிந்து வந்து படுத்தவர்போலத் தூங்கிக்கொண்டிருந்தார். தன் கடைச் சாமானில் அவர் படுத்து அவள் பார்த்ததே இல்லை. அவரை எழுப்பி அந்த ஈரத்தில் போட அவளுக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு, அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தாள். அப்படியே அவர் போய்விட்டார். அதன் பிறகுதான் இருவருமாக இறக்கிக் கிடத்திவிட்டு ஊருக்குச் சொன்னார்கள். உண்மை அவர்கள் இருவருக்கும்தான் தெரியும்.

சித்திரை பிறக்குமுன் ரயில் வந்தது. வீரசிங்கம் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அந்த வாரமே தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய கங்காணி மாடசாமி ரயிலேறிக் கடைக்கு வந்துவிட்டார். மகளுக்கு வைகாசியில் கல்யாணம். கட்டில், அலுமாரி, மேசை, நாற்காலி எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். விலையில்கூட அவர் அதிகம் இழுக்கவில்லை. போட்ட முதல் அன்றைக்கே திரும்பிவிடும். இல்லாவிட்டால் பரிமளத்துக்கு வாடகை கொடுக்க வழியில்லை, கடையைக் காலி செய்ய வேண்டியதுதான். முருகையா கயிற்றோடு வாசலில் வந்து நின்றான். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மாடசாமி கட்டில் காலைத் தடவிப் பார்த்து, என் பிள்ளை கொடுத்து வைத்தவள் என்றார்.

பரிமளம் பேசாமல் இருந்தால் போதும். கட்டில் விலைபோக வேண்டும் என்றுதானே புருஷனும் சத்தியம் கேட்டார். ஆனால் முகம் தெரியாத அந்தப் பெண் பூ வைத்துக்கொண்டு இதில் வந்து உட்காருவதை நினைத்தபோது அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணே, இந்தக் கட்டில்லதான் எங்க வீட்டுக்காரரு உசிரு போச்சு."

மாடசாமி கையை எடுத்துக்கொண்டார்.  பிறகு, மற்றச் சாமான்களும் அதோடு சேர்ந்து நின்றவைதானே, கல்யாண வீட்டுக்கு வேண்டாம் தங்கச்சி என்று தணிவாகச் சொன்னார். ரயில்தான் வந்துவிட்டதே, கொழும்பிலேயே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்.

முருகையா கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு, பட்டப்பகலில் பரிமளம் கடைக்கதவைச் சாத்தினாள். தூரத்தில் ரயில் ஊதியது. பன்னிரண்டு வருஷமாக எதிர்பார்த்த சத்தம். அவள் கட்டிலில் ஏறி, பாயில் எப்போதும் படுக்கிற மாதிரியே, அவருக்கு இடம் விட்டு ஓரமாகப் படுத்தாள். எவ்வளவு சுகமாக இருந்தது! அந்தச் சுகத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.