சாய்கோட்டுக்குப் பின்னால்

கோப்பைச் சேமித்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ரூபேந்திரனைத் திட்டிய கதைக்கு வருகிறேன்.

உலு திராமில் எங்கள் டயாலிசிஸ் நிலையத்தின் மாடியில் நானும் அவனும் மென்பொருள் பார்க்கிறோம். கீழே தாதி மலர் தினமும் ஏழரைக்கு நோயாளிகள் பட்டியலிலிருந்து சீட்டுகளை அச்சிட்டு நாற்காலிகளில் ஒட்டுவாள். ரத்தம் உறையாமலிருக்க ஏற்றும் மருந்து யாருக்கு உண்டு, யாருக்குக் கூடாது என்பது அதில்தான் இருக்கும்.

அன்று ஏழு இருபதுக்கு அந்தப் பட்டியலில் ஒரு தொலைபேசி எண்ணைத் திருத்தினேன். அவசரத்தில் கோப்பை மட்டும் திறந்துவிட்டேன். கோப்புறையைத் திறந்திருந்தால், 'இங்கே பெயர்களைத் தொடாதே' என்று எடிட்டரின் செருகுநிரலுக்குச் சொல்லும் அமைப்பும் கூடவே ஏறியிருக்கும். ஏறவில்லை. சேமித்ததும், வேறொரு வேலைக்காக நான் வைத்திருந்த சொந்த அமைப்பு ஓடியது. சாய்கோடு வரும் சொல்லிலிருந்து மிச்சத்தை வெட்டு, ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்கு.

நம் ஆட்களின் பெயரில் சாய்கோடு இல்லாமலா? ஏ/பி என்றால் மலாயில் 'இன்னார் மகள்'. புஷ்பவள்ளி ஏ/பி மூர்த்தி, புஷ்பவள்ளி ஏ/பி காளிதாஸ். இருவரும் ஒரே புஷ்பவள்ளி ஆனார்கள். மிஞ்சியது காளிதாஸ் மகளின் வரி, மருந்து உண்டு. காலையில் வருவதோ மூர்த்தியின் மகள். அவருக்குப் போன வாரம்தான் வயிற்றில் ரத்தக்கசிவு. அந்த மருந்து ஏறினால் உயிர் போய்விடும்.

ஏழு ஐம்பதுக்கு ரூபேந்திரன் வரிகளை எண்ணினான்.

"நாப்பத்தி ஒன்னு இருக்கணும் லா. நாப்பதுதான் இருக்கு. ஃபோல்டரத் திறந்தீங்களாக்கா, ஃபைல மட்டுமா?"

நூறு தடவை சொன்னவன் அவன். உனக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிந்து விழுந்தேன். பிறகு திரையைப் பார்த்தேன், ஒரே ஒரு புஷ்பவள்ளிதான் இருந்தார். மலர் போனை எடுக்கவில்லை. படிகளில் விழுந்தடித்து ஓடினேன்.

மலர் கையில் மருந்தோடு ஊசிக்குழல். நாற்காலியில் மூர்த்தியின் மகள், அந்த அம்மாள், கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு தரமாட்டேன் என்று மல்லுக்கு நின்றார். சீட்டில் உங்கள் பெயர்தானே இருக்கிறது என்று மலர் கெஞ்சினாள்.

"பேரு எம்பேருதான். எங்கப்பா பேரு எங்க? அது இல்லாம இது நான்தான்னு எப்படித் தெரியும்?"

போடாதே என்று கத்தினேன். ஊசிக்குழலைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தேன். சீட்டில் மருந்து கூடாது என்று எழுதி, பெயருக்குப் பக்கத்தில் மூர்த்தி என்றும் எழுதினேன்.

அம்மாள் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏ/பிய விட்டுட்டியேம்மா. அதையும் போடு."