மாஸ்டர் சொன்ன விமர்சனங்கள்

அவரை வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்திய பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் காரில் சுற்றிவருவார். சுற்றும்போதெல்லாம் பேசுவார். வீட்டுக்கு வந்த பிறகும் வாய் ஓயாது.

"உங்க வாய்க்கும் யாராவது ஒரு பிரேக் வச்சுக் குடுத்தா தேவலைங்க" என்பாள் மனைவி.

அவள் ஒரு சலவைக் கடையில் வேலை பார்த்தாள். வரும் துணிகளைப் பிரித்து, எங்கே என்ன கறை, எந்தப் பொத்தான் தொங்குகிறது, பையில் எதை மறந்திருக்கிறார்கள் என்று பார்த்து, அடையாளச் சீட்டு குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். நின்றுகொண்டே செய்யும் வேலை. அதனால் வீட்டில் சோபாவில் சாய்ந்தால் போதும், கண் செருகிவிடும். கல்யாணமான புதிதில் மாஸ்டர் கூட்டிப்போன படங்களில் பாதியை அவர் தோளில் தூங்கியே பார்த்து முடித்தாள்.

படம் பார்க்கும் பந்தயத்தை ஆரம்பித்து வைத்தது அவளுடைய தம்பி.

"மாமா, நீங்க பாக்குறது எல்லாமே ஒரே படம். கார் பறக்கும், கட்டடம் வெடிக்கும், கடைசியில வில்லன் சாவான். சட்டை மட்டும்தான் வேற."

"யாருடா சொன்னது? எந்தப் படத்தை வேணா போடு. உக்காந்து பாக்குறேன்."

"சரி, ஒரு வருஷம், நூறு படம். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது. நாடு வேற, பாஷை வேற, கதை வேற. ஒவ்வொண்ணையும் பாத்துட்டு, நல்லா இருக்கா இல்லையான்னு போன்ல பேசி நம்ம குடும்பக் குழுவுல போடணும். கதையைச் சொல்லி ஒப்பேத்துற வேலையெல்லாம் கூடாது."

"உங்கக்காவும் கூட உக்காருவா."

"நான் எதுக்கு? நான்தான் தூங்கிடுவேனே" என்றாள் அவள்.

"தூங்கு. யாரு வேணாம்னா? பக்கத்துல இருந்து தூங்கு."

அப்படித்தான் ஆரம்பித்தது. மாலையில் அவள் கடையிலிருந்து வந்ததும் டீ போட்டு எடுத்து வருவாள், மாஸ்டர் படத்தைப் போடுவார். மலைநாட்டு இடையர்களைப் பற்றிய ஒரு படத்தில் முதல் அரை மணி நேரம் யாரும் வாயே திறக்கவில்லை. மாஸ்டருக்கு அதுவே பெரிய தண்டனை. முடிந்ததும் போனை வாயருகே வைத்துக்கொண்டு, "ஆடுங்கதான் நல்லா நடிச்சிருக்கு. மனுஷங்க பரவாயில்ல. இவ்வளவு நேரம் பேசாம இருந்தா நானெல்லாம் செத்தே போயிருப்பேன்" என்றார். குழுவில் சிரிப்பு அடங்க இரண்டு நாளாயிற்று. கிழவன் ஒருவன் கடைசிவரை ஒரு கடிகாரத்தைப் பழுதுபார்க்கும் பொம்மைப் படத்துக்கு மாஸ்டர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அதையும் மறைக்காமல் சொன்னார். ஊர் ஊராக இருந்த சொந்தங்கள் மாஸ்டரின் விமர்சனத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். அவளும் பாதி தூக்கத்தில் அவர் குரலைக் கேட்டபடி படுத்திருப்பாள்.

பந்தயம் பாதியைத் தாண்டியிருந்தபோது, ஒரு காலை வேளையில், கார் ஓட்டிக்கொண்டிருந்த மாணவி ஏதோ கேட்டதற்கு மாஸ்டரிடமிருந்து பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அவர் சொல்லிக்கொடுத்தபடியே அந்தப் பெண் சிக்னல் போட்டு, காரை ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் அலறினாளாம்.

பக்கவாதம். வலது கையும் காலும் சுரணை குறைந்து கிடந்தன. கால் மெல்ல மெல்லத் தேறியது, கோல் ஊன்றி நடந்தார். பேச்சு மட்டும் வரவில்லை. இருந்த அத்தனை வார்த்தைகளிலும் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. "அதான்." பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான், அவள் வேலைக்குக் கிளம்பும்போதும் அதான். ஆஸ்பத்திரி டாக்டர், "பேசுறது மட்டும் இல்லம்மா, நாம பேசுறது புரியுறதும் அடிபட்டிருக்கு" என்று சொல்லியிருந்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும், சாப்பிட வாங்க என்றால் வந்தார், சட்டையை நீட்டினால் கையை நீட்டினார், அவள் சிரித்தால் சிரித்தார். புரிகிற சக்தி திரும்பிவிட்டது என்று அவள் நம்பினாள். நம்பாமல் எப்படி இருப்பாள்?

ஒரு மாலை அவளே டிவியைப் போட்டாள். "பந்தயத்தைப் பாதியில விட்டா தம்பி நம்மளக் கிண்டலடிச்சே கொன்னுடுவான். பாக்கலாமாங்க?"

"அதான்" என்றார் மாஸ்டர். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் அதற்குப் பிறகு ஒரு படத்திலும் தூங்கவில்லை. தூங்கினால் அவருக்காக யார் பேசுவது? ஒரு படத்தில் கார்கள் துரத்திக்கொண்டு போனபோது மாஸ்டரின் இடது கால் தரையை அழுத்தி அழுத்தி எடுத்தது. கிளட்ச். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முடிந்ததும் போனை எடுத்து, "மாஸ்டர் சொல்றாரு, அந்த டிரைவர் கியர் போடத் தெரியாம வண்டியை நாசம் பண்றானாம். கதை பரவாயில்லையாம்" என்று பதிவு செய்தாள். பின்னாலிருந்து, "அதான்" என்று ஒரு குரல். குழுவே கொண்டாடியது. மாமா பழையபடி ஆயிட்டாரு, பெரியப்பா அசத்திட்டாரு என்று செய்தி மேல் செய்தி வந்தது.

அவள் நிறுத்தாமல் தொடர்ந்தாள். அவர் உதடு பிதுங்கினால் படம் பிடிக்கவில்லை, கண் கலங்கினால் பிடித்திருக்கிறது. மீதியை அவளே இட்டுக்கட்டினாள். மாஸ்டர் சொல்றாரு, நாயகி அழுகை போலியாம். மாஸ்டர் சொல்றாரு, மழையில நனைஞ்ச சட்டை அடுத்த காட்சியில இஸ்திரி போட்ட மாதிரி எப்படி வந்துச்சாம். மாஸ்டர் சொல்றாரு, ஏழை வீட்டுப் பையன்னு காட்டுறாங்க, காலர்ல ஒரு அழுக்கு கூட இல்லையாம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வீட்டுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். இளவயது, அதட்டாத குரல். அவளிடம் மாஸ்டரின் மனைவி பெருமையாகப் போனை நீட்டி எல்லாவற்றையும் போட்டுக் காட்டினாள்.

"நேத்து என்ன படம் பாத்தீங்க?"

"அண்ணன் தம்பி ரெண்டு பேர். அம்மா செத்ததுக்கு அப்புறம் வீட்டுக்காகச் சண்டை போடுறாங்க. இவருக்கு ரொம்பப் பிடிச்சுது. கண்ணெல்லாம் கலங்கிடுச்சு."

"அந்தக் காட்சியைக் கொஞ்சம் போடுறீங்களா? நீங்க மட்டும் அவருக்குப் பின்னாடி வந்து நில்லுங்கம்மா."

திரையில் அம்மா இறந்து கிடந்தாள். மகன்கள் அவள் காலடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்து இருக்கையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை என்றதும் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார். திரையில் ஒருவன் நெஞ்சிலடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். மாஸ்டர் அதைக் கவனிக்கவே இல்லை. கோலைப் பிடித்து எழுந்து, பின்னால் நின்றிருந்த மனைவியைக் கண்டுபிடித்து, அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அவள் முகத்தில் இருந்த பயம் அப்படியே அவர் முகத்துக்கும் வந்தது.

பயிற்சிக்காரப் பெண் டிவியை நிறுத்தினாள்.

"ரெண்டு மூணு வார்த்தை சேர்ந்தாப்புல வந்தாலே அவருக்குத் தொலைஞ்சுடுதும்மா. நீங்க கை காட்டுறதை வச்சு, உங்க முகத்தை வச்சுத்தான் வீட்டுல சமாளிக்கிறாரு. இவ்வளவு வேகமாப் பேசுற படம் அவருக்கு வெறும் இரைச்சல்தான்."

"அழுதாரேம்மா!"

"நீங்க அழுதீங்களா?"

அவள் மெல்லத் தலையாட்டினாள்.

"அவர் படத்தைப் பாக்கலம்மா. உங்களைத்தான் பாத்துட்டு இருந்திருக்காரு."

அந்தப் பெண் போன பிறகு வீடு வெறிச்சென்றாகிவிட்டது. அவள் கழுவ வேண்டிய பாத்திரங்களைக் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள். மாலை வந்தது. அவள் டிவி பக்கமே போகவில்லை, சோபாவின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாஸ்டர் அவளைப் பார்த்தார், இருண்ட திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, கோலை ஊன்றி, டிவி மேஜை வரை நடந்து, இடது கையால் ரிமோட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். இருக்கும் ஒரு நல்ல கையில் கோலும் ரிமோட்டும். இரண்டு முறை கீழே விழப் பார்த்தார். ரிமோட்டை அவள் மடியில் வைத்துவிட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, படம் வரட்டும் என்பதுபோல நிமிர்ந்துகொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை மாதமும் அவருக்காக என்று அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இது பிடித்திருக்கிறது என்று நினைத்து, ஒரு சொல்லும் விளங்காத அந்த இரைச்சலுக்கு முன்னால் அவர் மாலைதோறும் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"எனக்கு வேணாங்க" என்றாள். "எனக்குப் படமே பிடிக்காதுங்க. எப்பவுமே பிடிக்காது. உங்களுக்காகத்தான்..."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறைய வார்த்தைகள். அவள் குரல் உடைந்ததும் பதறி, "அதான், அதான்" என்று அவள் தலையைத் தடவினார். எதற்காக அழுகிறாள் என்று அவருக்குச் சொல்ல வழி இல்லை. அதை நினைத்து அவள் இன்னும் அழுதாள்.

மறுநாள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, பந்தயம் போதும்டா. அது எதுவுமே மாமா சொன்னது இல்ல. நானாப் பேசுனதுடா எல்லாம்."

"தெரியும்க்கா."

"என்னது?"

"மாமா என்னைக்குக்கா அடுத்தவன் சட்டைக் காலரைப் பத்திப் பேசியிருக்காரு? அவர் சட்டை கிழிஞ்சாலே அவருக்குத் தெரியாது."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"பின்னாடி அவர் குரல் கேக்கும்லக்கா. அதுக்காகத்தான் நான் ஒவ்வொண்ணையும் போட்டுக் கேப்பேன்." அதற்கு மேல் அவனாலும் முடியவில்லை. அக்காவும் தம்பியும் போனின் இரண்டு முனைகளிலும் அழுதுகொண்டிருந்தார்கள்.

குழுவில் அவன்தான் எழுதினான், மாமாவுக்கு ஓய்வு தேவை, பந்தயம் முடிந்தது என்று. நல்லாருக்கணும் என்று நாலைந்து பேர் போட்டார்கள். பிறகு அதில் வேறு பேச்சுகள் வந்தன.

மாதங்கள் போயின. மாஸ்டர் "தண்ணி" என்று சொல்லக் கற்றுக்கொண்டார். சில நாள் டீக்கும் தண்ணி என்றார். அதைத் தவிரப் பெரிய முன்னேற்றம் இருக்காது என்று பயிற்சிக்காரப் பெண் பக்குவமாகச் சொல்லிவிட்டாள். மாலை வேளைகளை எப்படித் தள்ளுவது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை. அவர் ஜன்னலருகே உட்கார்ந்திருப்பார். அவள் துணி மடிப்பாள்.

அவள் வாடி வதங்குவதைப் பார்த்துப் பொறுக்காமல், ஒரு விடுமுறை நாளில் தம்பி வந்து மாமாவுக்குத் துணையாக உட்கார்ந்துகொண்டான். "எங்கயாவது போயிட்டு வாக்கா" என்று அவளைக் கிளப்பிவிட்டான். எங்கே போவது என்று தெரியாமல் தெருத்தெருவாக நடந்து, கால் வலித்ததும், கண்ணில் பட்ட தியேட்டரில் பகல் காட்சிக்கு நுழைந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாகத் தனியாக ஒரு படம்.

கல்யாண வீட்டுக்குச் சமைக்க வந்தவன் ஆள்மாறாட்டத்தில் மாப்பிள்ளையாக மாட்டிக்கொள்ளும் கதை. அவள் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். முடிவுதான் சொதப்பல். அந்தச் சமையல்காரன் அவ்வளவு சீக்கிரம் மன்னிப்புக் கேட்டிருக்கக் கூடாது. வெளியே வந்தபோது அதைப் பற்றிச் சொல்ல அவளிடம் ஏகப்பட்டது இருந்தது. சுற்றிலும் ஜனங்கள் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள்.

வீட்டுக்கு வந்தாள். தம்பி விடைபெற்றுப் போனான். மாஸ்டர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

அவள் உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லத் தொடங்கினாள். "ஒருத்தன் சமைக்க வர்றான்ங்க. அவனைப் பிடிச்சு மாப்பிள்ளைன்னு உக்கார வச்சுடுறாங்க..." கரண்டியால் கிண்டுவதுபோலக் கையை ஆட்டினாள். மாலை போடுவதுபோலக் காட்டினாள். மாஸ்டர் கவனமாகப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார், எட்டிப் பிடித்துவிட முயல்பவர்போல முன்னால் சாய்ந்தார். பிறகு மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் கையைக் கீழே இறக்கினாள். பாதிக் கதை இன்னும் மிச்சம் இருந்தது. இருட்டத் தொடங்கியதும் அவள் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.