திக்லிக்கின் இரண்டு எண்கள்

என் அப்பாவைக் கப்பல் கொண்டுபோனபோது அவளுக்கு மூன்றரை வயது.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். வடகோடிப் பனிக்கடல் ஓரத்தில், எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். என் அப்பா திக்லிக், ஒரு வசந்தத்தில் காலடியில் பனிக்கட்டி உடைந்து கடலுக்குள் போனார். அந்த ஆண்டுக் குளிர்காலத்திலேயே எனக்குப் பெண் பிறந்தது. அப்பாவின் பெயரை வைத்தோம். பெயர் வந்ததும் ஆளும் வந்துவிட்டார். அன்றிலிருந்து அவள் எனக்கு அப்பா, நான் அவளுக்கு மகள். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை "பானிக்" என்றே கூப்பிட்டாள். மகள் என்பதற்கு எங்கள் சொல் அது. என் அண்ணன் சகியாசி கதவில் குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். அவனையும் அவள் விட்டுவைத்ததில்லை.

"டேய், பூட்ஸ வெளிய தட்டிட்டு வா. பனியெல்லாம் உள்ள கொண்டாராத."

"சரிப்பா. மன்னிச்சுக்கங்கப்பா," என்று திரும்பிப் போவான். அப்பா உயிரோடு இருந்தபோதும் அவனைத் திட்டியது இதற்குத்தான்.

அரசாங்கத்தின் வாயில் எங்கள் பெயர்கள் நுழையவில்லை. குடும்பப் பெயர் என்று ஒன்று எங்களிடம் இல்லாததும் அவர்களுக்குப் பெரிய தலைவலி. அதனால் ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை. ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் எண், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் ஓட்டை. நாங்கள் நாய்க்குக்கூடப் பெயர் வைத்துத்தான் கூப்பிடுவோம். அப்பா சீல் என்கிற கடல்நாயை வேட்டையாடக் கிளம்பும்போது வில்லையைக் கழற்றி வீட்டில் போட்டுவிடுவார். "சீல் என் நம்பரக் கேக்கவா போவுது?" என்பார். அதனால் அவர் கடலுக்குள் போனபோது வில்லை வீட்டில் இருந்தது.

போலீஸ்காரர் வந்து பதிவேட்டில் அப்பாவின் எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் போனார். பெண் பிறந்ததும் மறுபடி வந்து புது எண்ணோடு புது வில்லையைக் கொடுத்தார். நான் புது வில்லையை ஊசிப்பையில் போட்டுவிட்டு, அப்பாவின் பழைய வில்லையை அவள் கழுத்தில் மாட்டினேன். அது தவறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. திக்லிக் திரும்பி வந்தாயிற்று, திக்லிக்கின் பொருள் திக்லிக்குக்கு. அவருடைய ஈட்டியைக்கூட அவளுக்காகத்தான் எண்ணெய் தடவி எடுத்துவைத்திருந்தோம்.

கோடையில் ஆஸ்பத்திரிக் கப்பல் வந்தது. எல்லாரையும் படகில் ஏற்றிக்கொண்டுபோய் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். என் நெஞ்சு சுத்தம், என் கணவர் அலாரியாக்கின் நெஞ்சும் சுத்தம். அப்பாவின் புறங்கையில் மட்டும் மையால் ஒரு குறி போட்டார்கள். காசநோய் என்றார்கள். குறி விழுந்தவர்கள் கரைக்குத் திரும்பக் கூடாது. மாற்றுத் துணி எடுக்கக்கூட விடவில்லை. ஒருவன் அவள் கழுத்தில் இருந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டான், இன்னொருவன் என்னைத் தோளைப் பிடித்துப் படகில் இறக்கினான். மேலே இருந்து "பானிக்! பானிக்!" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த மனிதன் முகத்தை இன்றைக்குப் பார்த்தாலும் அறைவேன்.

பனி விழுந்ததும் கடிதம் எழுதினேன். என் அப்பா திக்லிக் எப்படி இருக்கிறார், இருமல் குறைந்ததா, எப்போது அனுப்புவீர்கள் என்று எங்கள் எழுத்தில் எழுதி, கீழே அவள் கழுத்தில் இருந்த எண்ணையும் போட்டேன். அந்தக் குளிர்காலம் முடியும்போது பதில் வந்தது. போலீஸ்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். அவருக்கு எங்கள் பேச்சு அரைகுறைதான்.

"நிவியாக், உன் அப்பா செத்துப் போச்சு. ரொம்ப வருத்தம்."

மூன்று நாள் நான் எதையும் தைக்கவில்லை, எதையும் தின்னவில்லை. அலாரியாக் நாய்களுக்குத் தீனி போடக்கூட வெளியே போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை அப்பாவை இழப்பது எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நான்காம் நாள் அண்ணி ஊலாயு வந்தாள். அவளுக்கு அந்த வாரம்தான் பையன் பிறந்திருந்தான். ஓயாமல் அழுதான். அழுகிற குழந்தை ஏதோ ஒரு பெயரைக் கேட்கிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"நிவியாக், கோச்சுக்காத. மாமாதான் இவன்கிட்ட வரணும்னு நிக்கிறாருன்னு தோணுது. திக்லிக்னு வச்சுரட்டுமா?"

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவரு செத்தது இவன் பொறக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? அந்தத் தாளுல தேதி இருக்குமில்ல? கேட்டுட்டு வாயேன்."

பெயர் வைப்பதற்கு அவளுக்குத் தேதி தேவைப்பட்டது. எனக்கு அது தோன்றியே இருக்காது. எழுந்து தோல் பார்க்கா அங்கியைப் போட்டுக்கொண்டு போலீஸ்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் தாளைத் தேடி எடுத்து விரலை வைத்துப் படித்தார்.

"ஏப்ரல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தொம்பது."

"அஞ்சு வருசத்துக்கு முன்னாடியா?"

"அஞ்சு வருசம். ஆமா."

பனிக்கட்டி உடைந்த ஏப்ரல். நான் அங்கேயே அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். மனிதர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ஐயா, இது பழைய சாவு. இந்தச் சாவுக்கு நான் அப்பவே அழுது முடிச்சுட்டேன். கப்பல்ல போனது சாகல."

"நம்பர் செத்துப் போச்சு, நிவியாக். நம்பர் தப்பாகாது."

"நம்பரு சாவட்டும். புள்ள எங்க?"

அவருக்குத் தெரியவில்லை. தெற்கே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார், எழுதவும் செய்தார். ஒரு பதிலும் வரவில்லை.

வீட்டில் யாரும் என்னை நம்பவில்லை. அலாரியாக் மெதுவாகச் சொன்னார்: "ஒரு வார்த்தகூட இல்லியேம்மா. உயிரோட இருந்தா யாராவது சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"அவங்க கணக்குல ஒரு கிழவன் போயிருக்கான். கிழவனத் தேடறவங்களுக்குப் புள்ள எப்பிடிக் கண்ணுல படும்?"

ஊலாயுவின் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது.

"ஒரே பேரு ரெண்டு பேருக்கு இருந்தா என்ன கொறஞ்சிடும்? நம்ம வழக்கந்தானே? பெரிய பிடிவாதக்காரிடி நீ!"

"பேர வைக்கறதுன்னா வைங்கண்ணி. ஆனா அவ செத்துட்டா, அதனால வைக்கறேன்னு சொல்லி வைக்காதீங்க. எங்கப்பா மூச்சு விட்டுட்டிருக்காரு. பாதி வழியில அவரக் கூப்பிட்டு வேற ஒடம்புல ஏத்தாதீங்க."

அவள் கோபித்துக்கொண்டு போனாள். மறுநாள் குழந்தைக்குச் செத்துப்போன தன் தாய்மாமனின் பெயரை வைத்தாள், அழுகை நின்றது. அதற்கு அப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. நான் நினைப்பது தவறாக இருந்தால்? அப்பா போக வீடில்லாமல் காற்றில் நின்றுகொண்டிருந்தால், அதற்குக் காரணம் என் பிடிவாதம். கோடைவரை அந்த நினைப்போடுதான் எழுந்தேன், அந்த நினைப்போடுதான் படுத்தேன். ஆனாலும் விடவில்லை.

கப்பல் மறுபடி வந்தது. முதல் படகில் ஏறினேன். நெஞ்சைப் படம் பிடித்து முடித்ததும் இறங்காமல் டாக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். இந்த முறை மொழிபெயர்க்க எங்கள் ஆளே ஒருவன் இருந்தான். பௌலுசி என்று பெயர், நீரிணைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன்.

"எங்கப்பா திக்லிக்க எங்க வச்சிருக்கீங்கன்னு கேளு."

அவன் கேட்டான். டாக்டர் ஒரு தாள் கட்டைப் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இறந்துட்டாருங்கிறாரு, அக்கா. கிழவருன்னு எழுதியிருக்கு."

"என் கையப் புடிச்சிட்டு இதே கப்பல்ல ஏறினாரு. இடுப்பு ஒசரந்தான் இருந்தாரு."

பௌலுசிக்குப் புரிந்துவிட்டது. அவன் வீட்டிலும் ஒரு மாமா தொட்டிலில் கிடந்திருப்பார். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, நீ அப்பான்னு சொல்றவரைக்கும் இவரு கிழவனத்தான் தேடுவாரு. நான் எவ்வளவு வெளக்கினாலும் இவரு மண்டையில ஏறாது. மகள்னு சொல்லு. உன் வாயாலயே சொல்லணும். இவரு உன்னையேதான் பாக்குறாரு."

அவள் பிறந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. அப்படிச் சொல்வது, நீங்கள் என் அப்பா இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது. மனம் நொந்த பெயர் உடம்பை விட்டுப் போய்விடும். அப்புறம் குழந்தை தங்காது. ஊரில் பாதிப் பேர் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஊலாயுவும் இருந்தாள். ஆனால் என்னைத் தடுத்த அந்தப் பயத்தைவிட, அந்தத் தாள் கட்டின்மேல் இருந்த ஆத்திரம் பெரியது.

"அப்பா இல்ல. மகள். நான் பெத்த பொண்ணு."

ஊசிப்பையைத் திறந்து புது வில்லையை மேசைமேல் வைத்தேன்.

"இது அவ நம்பரு. செத்தவரு நம்பர அவ கழுத்துல மாட்டினது நான். தப்பு எந்தப் பக்கம்னு அப்புறம் பேசிக்கலாம். இப்ப புள்ளயத் தேடுங்க."

டாக்டர் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெற்கே போய்ச் சேர்ந்ததும் விசாரிக்கிறேன் என்றார். அவர் தெற்கே போய்ச் சேர இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

"கம்பியில்லாத் தந்தி இருக்கில்ல? இப்பவே அனுப்பச் சொல்லு. பதில் வர்ற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்."

இறங்கும் ஏணியின் மேல்முனையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். போலீஸ்காரர் வந்து கெஞ்சினார், பிறகு அதட்டினார். மாலுமி ஒருவன் என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். அப்போது பின்னாலிருந்து யாரோ வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். முதுகில் குழந்தையோடு ஊலாயு.

"நகந்து ஒக்காரு. நீ ஒருத்தின்னா தூக்கிடுவாங்க. நான் கனமானவ."

பிறகு சகியாசி வந்தான். அலாரியாக் வந்தார். இறங்க வேண்டியவர்கள் ஒருவரும் இறங்கவில்லை. பனிக்கட்டி நகர்ந்து வருகிறது, கிளம்பியாக வேண்டும் என்று கேப்டன் கத்தினார். தந்தி போயிற்று. மறுநாள் காலையில் பௌலுசி ஒரு தாளோடு ஓடிவந்தான்.

"இருக்கா, அக்கா! பேரு ஊரு தெரியாத புள்ளன்னு வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்களாம். இன்னும் ஒரு வருசம் வைத்தியம் பாக்கணுமாம். அடுத்த கப்பல்ல வருவா."

நாங்கள் இறங்கினோம். கயிறு அறுத்த தழும்பு இன்னும் என் கையில் இருக்கிறது.

அடுத்த கோடையில் அவள் வந்தாள். வெட்டிவிட்ட முடி, கால் தெரியும் கவுன், அக்குளில் ஒரு துணி பொம்மை. படகிலிருந்து அவளைத் தூக்கி இறக்கிய பௌலுசி என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"நம்ம பேச்செல்லாம் மறந்துருச்சு, அக்கா. மொதல்ல ராவும் பகலும் பானிக் பானிக்னு அழுதாளாம். ஒரு நர்ஸம்மா யார் யாரையோ விசாரிச்சு, மகள்னு அர்த்தம்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. இத்தனூண்டு புள்ளைக்கு ஏது மகள், பொம்மைதான் கேக்குதுன்னு இதக் குடுத்துட்டாங்க."

கூழாங்கல்லில் மண்டியிட்டேன்.

"அப்பா, வந்துட்டீங்களா? கப்பல்ல வச்சு உங்கள மகள்னு சொல்லிட்டேன். மன்னிச்சுருங்கப்பா. வேற வழி தெரியல."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். நான் என் நெஞ்சைத் தொட்டு, "பானிக்," என்றேன். அவள் தலையை அசைத்து மறுத்துவிட்டு, பொம்மையை எனக்கு எதிரே நீட்டினாள்.

"பானிக்," என்று பொம்மையைக் காட்டினாள்.

நெஞ்சில் யாரோ உதைத்த மாதிரி இருந்தது. ஆனால் கப்பலையே பிடித்து நிறுத்தியவளுக்கு ஒரு துணி பொம்மை எம்மாத்திரம்? அவளையும் பொம்மையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

படுக்கை மேடையில் உட்காரவைத்து, வேகவைத்த கறி கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். ஊரே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. யாரையும் அவளுக்குத் தெரியவில்லை. கடைசியாகச் சகியாசி வந்தான். அவன் வேண்டுமென்றே செய்தானா, அவசரத்திலா என்று இன்றுவரை சொல்லவில்லை. கரையின் சேறெல்லாம் ஒட்டிய பூட்ஸோடு நேராக வீட்டுக்கு நடுவில் வந்து நின்றான்.

அவள் பூட்ஸைப் பார்த்தாள். பிறகு தலையை அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள். புருவம் இரண்டும் சேர்ந்தன. பொம்மையைப் படுக்கையில் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்து, அந்தச் சேற்றைச் சுட்டிக் காட்டினாள்.

"பானிக்!" என்றாள், என்னிடம், முறையிடும் குரலில்.

"சரிப்பா. மன்னிச்சுக்கங்கப்பா," என்றான் சகியாசி. வெளியே போய், வெகுநேரம் பூட்ஸைத் தட்டிக்கொண்டே இருந்தான்.