அருங்காட்சியகத்திலிருந்து அப்பாவை அழைத்து வந்தது

"குடைய இங்கயே வெச்சிட்டுப் போங்க" என்று வாசலில் நின்ற காவல்காரப் பெண் மறுபடியும் சொன்னாள். சியூ கெங் குடையை விடுவதாக இல்லை. ஒரு கையில் கறுப்புக் குடை, மறு கையில் மடித்த நீலக் கட்டம் போட்ட சட்டை. வெளியே பினாங்கின் ஜார்ஜ் டவுன் வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

"மழைக்கில்லக்கா. எங்கப்பாவுக்கு."

காவல்காரப் பெண் அவளைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வெள்ளை பனியனும் கறுப்புக் காற்சட்டையுமாக நின்ற அண்ணன் பூன் தெய்க்கைப் பார்த்தாள். கைப்பக்கம் ஊக்கால் குத்தியிருந்த துக்கத் துணியை இருவரும் காரிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஆனாலும் முகத்தைக் கழற்றி வைக்க முடியவில்லை.

"நேத்து மாடியில... அந்த அங்கிளோட பிள்ளைங்களா? நான் ரோஸ்னானி. நான்தான் அவர..." அவள் வழிவிட்டாள். குடை உள்ளே போனது.

நேற்று மாலை அப்பா இங்கே, மாடிக் கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தார். உடம்பு ஆஸ்பத்திரிக்குப் போய், பெட்டியில் ஏறி, ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் கீழே போட்ட கூடாரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் உயிர் எங்கே பிரிந்ததோ அங்கேயேதான் ஆவி திகைத்துப்போய் நிற்கும். பிள்ளைகள் போய்க் கூப்பிட்டு, குடை நிழலில் கூட்டிவர வேண்டும். நாளைக் காலை பெட்டி எடுப்பதற்குள் வரவில்லையென்றால் அப்புறம் அவர் வழி தெரியாமல் அலைய வேண்டியதுதான். சீனக் கோயில் பூசாரி இதையெல்லாம் பஸ் நேரம் சொல்கிறவர் மாதிரி சொல்லிவிட்டு மணியை ஆட்டப் போய்விட்டார்.

கூப்பிட வேண்டியது மூத்த மகன். மூத்த மகனோ கல்யாணமானதிலிருந்து மாதா கோயிலுக்குப் போகிறவன்.

"நான் கார் ஓட்டத்தான் வந்தேன்" என்றான் படியேறும்போது. "கூப்பிடறது கீப்பிடறதெல்லாம் உன் பாடு."

"வாயத் தொறந்து 'பா'ன்னு ஒரு தடவ சொன்னா உன் சாமி கோச்சுக்குமா?"

"சாமி கோச்சுக்காது லா. எனக்குத்தான் வராது."

மாடிக் கூடம் நீளமாக இருந்தது. உயர்ந்த ஜன்னல்களின் மரத்தட்டிகள் வழியாக வெயில் பால் கலந்த மாதிரி வெளுத்து உள்ளே வந்து, பாதி தூரத்திலேயே சோர்ந்து நின்றுவிட்டது. குளிர் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும், காதில் சங்கை வைத்தாற்போல. செத்துப்போன தவ்கே முதலாளிகளும் வெள்ளைக்கார கவர்னர்களும் சுவர்ப் படங்களிலிருந்து யாரையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் கடிகாரம் ஓடினால்தான் ஆச்சரியம் என்று சியூ கெங்குக்குத் தோன்றியது. நேற்றிலிருந்து தரையில் பாவாமல் இருந்த அவள் கால்களுக்கு இந்த மரத்தரை பிடித்திருந்தது.

பெஞ்சுக்கு எதிரே சுவரளவு ஒரு படம். கடல் உள்வாங்கிய கரை, சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் படகுகள், வேறொன்றுமில்லை.

அப்பா ஐஸ் லாரி ஓட்டியவர். வாழ்க்கையில் அவர் உற்றுப் பார்த்த ஒரே படம் குதிரைப் பந்தயத் தேதி போட்ட காலண்டர். மத்தியானம் காப்பிக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார், எத்தனையோ மாதமாக; நேற்று இங்கிருந்து போனில் சொல்லித்தான் தெரிந்தது. அப்படியென்றால் ஏதோ இருக்க வேண்டும். இந்தப் படத்தில் இருக்கிறது, அல்லது இந்தக் கூடத்துக்கு வரும் யாரிடமோ இருக்கிறது. நேற்றிரவு முழுக்க அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

சட்டையைப் பெஞ்சின் முதுகில் விரித்துப் போட்டாள். ஊதுபத்தியைப் பற்றவைக்க வழியில்லை, மேலே புகை மணி இருந்தது. பற்றாத பத்தியையே இரு கைகளிலும் பிடித்துக்கொண்டாள்.

"பா, நான் சியூ கெங். வீட்டுக்குப் போலாம் பா."

இரண்டு காசுகளைத் தரையில் போட்டாள். ஒன்று பூவும் ஒன்று எண்ணுமாக விழுந்தால் சரி என்கிறார். இரண்டும் எண் என்றால் மாட்டேன் என்கிறார். இரண்டும் பூ என்றால் சிரிக்கிறார்.

இரண்டும் எண்.

"பா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. உங்க தம்பி ஈப்போவிலேருந்து வந்துட்டாரு."

இரண்டும் பூ.

"சித்தப்பா பேரச் சொன்னா சிரிக்காம என்ன செய்வாரு" என்றான் பூன் தெய்க்.

மறுபடி எண். மறுபடியும் எண். காசு விழுகிற சத்தம் அந்த அமைதியில் பெரிதாகக் கேட்டது. கதவோரம் நின்ற ரோஸ்னானி பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சியூ கெங் அவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அவரு தினமும் இங்க வந்து என்னதான் பாப்பாரு? இந்தப் படத்தையா?"

ரோஸ்னானி தயங்கினாள். "படமா? அங்கிள் ஒண்ணும் பாக்க மாட்டாரு. உக்காந்ததும் தூங்கிடுவாரு."

"தூங்குவாரா?"

"நல்லாத் தூங்குவாரு, கொறட்டையோட. ஒரு தடவ ஜெர்மன்காரங்க கூட்டம் ஒண்ணு படத்த விட்டுட்டு இவரச் சுத்தி நின்னுக்கிட்டு இருந்துச்சு. மூடற நேரத்துல நான்தான் தோளத் தட்டுவேன். 'வந்துட்டேன், வந்துட்டேன்'னு எந்திரிப்பாரு. நேத்தும் தட்டினேன்."

பூன் தெய்க் சிரிக்க வாயெடுத்து, தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அம்மா போனதிலிருந்து அப்பா வீட்டில் தூங்கியதே இல்லை. ராத்திரியெல்லாம் கூடத்துக்கும் அடுப்படிக்கும் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடப்பார். விடியற்காலை ஃபேக்டரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய சியூ கெங், "படுத்துத் தொலைங்களேன் பா!" என்று உள்ளேயிருந்து கத்துவாள். "சரி, சரி" என்று விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தூக்கம் வராமலில்லை. அந்த வீட்டில்தான் வரவில்லை.

"அவரு மாட்டேங்கல அண்ணே. தூங்கறாரு."

"அப்ப எழுப்பு."

"நல்லாத் தூங்கறவர எழுப்பி அங்கயா கூட்டிட்டுப் போறது? என்னால ஆகாது. நீ எழுப்பு."

அவன் படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவையும் சேற்றில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்குவதாகவே தெரிந்தன. மூவரும் எவ்வளவு நேரம் அப்படியே நின்றார்களோ, வெயில் ஒரு கவர்னரின் தாடியிலிருந்து இறங்கி அவர் பொத்தான்களுக்கு வந்திருந்தது. கீழே எங்கோ கதவுகளைச் சாத்தும் சத்தம் கேட்டது.

ரோஸ்னானி பெஞ்சருகே வந்தாள். கேட்கலாமா கூடாதா என்று இருவரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு சட்டையின் தோளை இரண்டு விரலால் தொட்டாள்.

"அங்கிள், மூடற நேரமாச்சு."

சியூ கெங் அவசரமாகக் காசுகளைப் போட்டாள். ஒன்று பூ. மற்றது விளிம்பில் நின்று, பெஞ்சைச் சுற்றி உருண்டு, பீங்கான் சாடிகள் வைத்த கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. பூன் தெய்க் குனிந்து பார்த்தான். விரல்கூட நுழையாத இடுக்கு, உள்ளே கும்மிருட்டு. பத்துப் பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத பெட்டி.

"எண்ணுதான்" என்றாள் சியூ கெங். "நான் பாத்தேன்."

அண்ணன் முழங்காலில் இருந்தபடியே அவள் முகத்தைப் பார்த்தான். அப்பாவிடம் பொய் சொல்லும்போதும் அவளுக்கு இப்படித்தான் கழுத்து சிவக்கும்.

"சரி" என்று எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டான். "அப்ப போலாம்."

மாடியிலேயே குடையை விரித்து, யாருமில்லாத நிழலைப் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். ரோஸ்னானி இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டாள்.

காரில் சட்டையைப் பின்சீட்டில் வைத்தார்கள். ஒவ்வொரு திருப்பத்தையும் சொல்லிக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் வழியில் விட்டுப்போய்விடுவார். முதல் திருப்பத்தில் சியூ கெங் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. பின்னால் அவர் இருக்கிறாரா? அந்தப் பெஞ்சிலேயே இருக்கிறாரா? வந்திருந்தால், எதற்காக வந்தோம் என்று நினைப்பாரா? திருப்பம் கடந்துபோனது. அவள் அழுதாள்.

அடுத்த சிக்னலில் பூன் தெய்க் ஏ.சி.யை இன்னும் கொஞ்சம் கூட்டினான். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பா, லெஃப்ட்ல திரும்பறோம்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

"இப்ப நேரா. மார்க்கெட் தாண்டியாச்சு. பா, பாலம் வருது, சுங்கை பினாங்கு பாலம்." பாலத்தின் மேல் வண்டியை மெல்ல விட்டான். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். "தூக்கம் வந்தா தூங்குங்க பா. வீடு வந்ததும் நான் சொல்றேன்."

ஜெலுத்தோங்கில் கூடாரத்துக்கு எதிரே வண்டி நின்றது. வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த சித்தப்பாவும் அக்கம்பக்கத்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பூன் தெய்க் இறங்கிச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்தான். வயதானவர்கள் இறங்கும்போது தலை இடிக்காமலிருக்கச் செய்வதுபோல, கதவின் மேல்விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்து நின்றான்.