பொட்டு வைத்த குழாய்

வலது தோளில் ஆரம்பித்த வலி மதியத்துக்குள் கழுத்து வழியாக ஏறிக் காதுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து தலைக்கு மேல் பற்றவைக்கிறவனுக்கு இது புதிதல்ல. கை தூக்கியபடியே இருக்க வேண்டும். காலருக்குள் பொறி விழுந்தாலும் கை அசையக்கூடாது. பதினாறு வருடத்தில் வெல்டரின் கழுத்து அம்மை கண்டதுபோல் ஆகியிருந்தது.

மேலே நின்ற வேன் அவனுடைய அக்கா புருஷனுடையது. டைல்ஸ் கம்பெனிக்குச் சரக்கு அடிக்கிற வண்டி. நடைக்கு இன்னும் முப்பது பெட்டி கூட ஏற்றாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. அதனால் பின்பக்கத்தை நாலு விரல் உயர்த்தி, ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூட்டி, சரக்கு வைக்கும் பின்கூண்டையும் நீட்டியாயிற்று. மிச்சம் இருந்தது, பின்சக்கரங்களுக்கு நடுவே அடிச்சட்டமான சேஸின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குக் குழாய் மட்டும்.

மச்சான் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"இதுதான் மாப்ள எனக்குப் புரியல. பட்டை கூட்டியாச்சு. அப்புறம் எதுக்கு இந்தக் குழாய்? வெட்டி எடைதானே."

"பட்டை சரக்கைத் தாங்கும் மச்சான். பட்டையைத் தாங்குறது யாரு?"

"யாரு?"

"இந்தா, பட்டைய சேஸோட பிடிச்சிருக்கற இந்த பிராக்கெட்டு. முன்ன பட்டை மெலிசு. குழியில விழுந்தா அதுவே வளைஞ்சு குடுத்துரும். இப்ப அது விறைப்பாயிருச்சு, வளையாது. அடி நேரா பிராக்கெட்டுக்குப் போகும். ஒத்தச் சக்கரம் இறங்குனா அந்தப் பக்கத்த மட்டும் பிடிச்சு முறுக்கும். வண்டியும் உயரமாயிருச்சு, ஆட்டம் ஜாஸ்தி. குறுக்க குழாய் இருந்தா, ஒரு பக்கம் வாங்குற அடிய இன்னொரு பக்கமும் சேந்து வாங்கிக்கும்."

"அண்ணன் தம்பி மாதிரின்னு சொல்லு."

"உங்க அண்ணன் மாதிரி இல்ல. இது கூப்பிட்டா வரும்."

மச்சான் சிரித்தபடியே போய், வேனின் பின்கதவைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த வண்டிக்கு அவர் கையில் எப்போதும் ஒரு துணி இருக்கும். குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி துடைப்பார் என்று அக்கா கேலி செய்வாள்.

வெல்டர் குழாயைத் தூக்கி ஜாக்கியில் நிறுத்தி, நான்கு மூலையிலும் பொட்டு வைத்தான். பொட்டு என்பது குழாய் இடம் மாறாமல் இருக்க வைக்கிற துளி வெல்டு. துவரம்பருப்பு அளவு. அது குழாயைப் பிடித்துக்கொள்ளும், வண்டியைப் பிடிக்காது. அளவு பார்த்த பிறகு சுற்றிலும் முழுசாகப் பற்றவைக்க வேண்டும். பொட்டோடு நிற்கிற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுவது அந்தப் பட்டறையின் பழக்கம். முழு வெல்டு முடிந்தால் வெல்டரே வட்டத்தை அழிப்பான். வட்டம் இல்லாத இடத்தில்தான் பெயிண்டர் கறுப்பு அடிப்பான்.

நான்கு வட்டம் போட்டு முடித்தபோது பட்டறை மேஸ்திரியின் செருப்பு தலைமாட்டில் வந்து நின்றது.

"வெளிய வா. டேங்கர் ஏணி முறிஞ்சு ரோட்டுல நிக்குது. போய்ப் பாத்துட்டு வா."

"இது அரை மணி நேரம் மேஸ்திரி. முடிச்சுட்டுப் போயிடறேன்."

"உங்க சொந்தக்கார வண்டி ஓடியா போயிரும்? எந்திரி."

டேங்கர் வேலை சாயங்காலம் வரை இழுத்தது. தோள் கழன்று விழுவதுபோல் இருந்தது. பட்டறைக்குத் திரும்பாமல் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டான். வட்டம் இருக்கிறது, யாரும் தொட மாட்டார்கள்.

மறுநாள் காலை வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. மேஸ்திரி ஒவ்வொரு வேலைக்கும் வெல்டிங் ராடை எண்ணித்தான் கொடுப்பார். வெல்டரின் தகர டப்பாவில், குழாய்க்காக வாங்கிய எட்டில் ஏழு அப்படியே இருந்தது.

பெயிண்டர் பிரஷ்ஷை ஊறவைத்துக்கொண்டிருந்தான். அவனைத் தாரு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தாரு, வேனுக்கு அடியில கறுப்பு அடிச்சியா?"

"அடிச்சேனே. பளபளன்னு."

"வட்டம் இருந்துச்சேடா."

"ஒரு வட்டமும் இல்ல. உங்க மச்சான்தான் அடியில படுத்து முழுசும் துடைச்சுக் குடுத்தாரு. பெயிண்டு நல்லாப் பிடிக்கணும், அழுக்கு இருக்கக் கூடாதுன்னாரு. ஏன், என்ன?"

"ஒண்ணுமில்ல."

வெல்டர் போனை எடுத்தான். மேஸ்திரி நாலடி தள்ளி நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முடிக்காத வேலையை வெளியே விட்ட வேறொரு வெல்டரை அவர் போன வருடம் வேலையை விட்டே நிறுத்தி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பியதை எல்லோரும் பார்த்தார்கள்.

மச்சான் உடனே எடுத்தார். பின்னால் என்ஜின் சத்தம்.

"மச்சான், வண்டியக் கொஞ்சம் கொண்டு வாங்களேன்."

"ஏன் மாப்ள, ஏதும் விட்டுப்போச்சா?"

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

"இல்ல. கிரீஸ் வைக்கணும்."

"கிரீஸ்தானே. ஞாயித்துக்கிழமை வர்றேன். இப்ப நடை மேல நடை. வண்டி சும்மா தொட்டில் மாதிரி போகுது, தெரியுமா."

மறுபடி கூப்பிடலாம் என்று அன்று நாலு தடவை நினைத்தான். மறுநாள் இரண்டு தடவை நினைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை, கம்பெனி வாசலை விட்டு இறங்கும் சரிவில் வேனின் வலது பின்சக்கரம் குழிக்குள் இறங்கியது. நான்கு பொட்டும் தெறித்துக் குழாய் கழன்று விழுந்தது. பிராக்கெட் முறுக்கிக்கொண்டு சேஸை விட்டுப் பிய்ந்தது, அச்சு குறுக்கே திரும்பியது, வண்டி சாய்ந்தது. சரக்கோடு பின்னால் உட்கார்ந்து வந்த சுமைக்காரன் நெட்டையின் இடது கால்மீது டைல்ஸ் பெட்டிகள் சரிந்தன. ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மச்சானுக்கு நெற்றியில் ஆறு தையல்.

வேனை இழுத்துவந்து, கழன்ற குழாயோடு பட்டறையிலேயே நிறுத்தினார்கள். விபத்தை விசாரிக்கும் அதிகாரி மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தார். மேஸ்திரி அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது முகத்தில் கோபம் இல்லை.

"கிரைண்டர எடு. சேஸுல இருக்கற நாலு பொட்டுத் தழும்பையும் ராவி விட்டுரு. குழாய் பழைய இரும்போட போகட்டும்."

"மேஸ்திரி…"

"நான் சம்பாதிச்ச பேரும் உன் சோறும் ஒரே தட்டுல இருக்குடா. வண்டிய வெளிய விட்டதுல கையெழுத்து என்னுது. எடு."

வெல்டர் கிரைண்டரை எடுத்தான். நான்கு இடத்தையும் ராவ மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு சின்னது.

அதிகாரி மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பாரம் எவ்வளவு என்று கேட்டார். மச்சான் தலையைச் சொறிந்தார். "நெட்டைதான் எண்ணி ஏத்துனான் சார். நான் எண்ணல. கூடத்தான் ஏறியிருக்கும்." அதிகப் பாரம், ஓட்டுநர் பொறுப்பு என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். உரிமத்தையும் வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட்டபோது மச்சான் பக்கத்தில் நின்ற வெல்டரிடம் சொன்னார்: "உன் வேலையில குறை இருக்காது மாப்ள. என் பேராசை."

நாலு நாள் கழித்து மச்சான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். "நீயும் வா. தனியா அவன் மூஞ்சியப் பாக்க முடியல."

நெட்டை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். போர்வை ஒரு பக்கம் மட்டும் படிந்துபோய்க் கிடந்தது. மச்சானைப் பார்த்ததும் அவனே பேசினான்.

"அண்ணே, கூட ஏத்துனேன்னு எழுதிக் குடுத்தீங்களாமே. நூத்திநாப்பது பெட்டி. ஒண்ணு கூட இல்ல, ஒண்ணு குறைய இல்ல. இந்த வண்டிக்கு இவ்வளவுதான்னு நீங்க சொன்னதுல பத்து குறைச்சுதான் ஏத்துனேன். எண்ணுறது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச படிப்பு. அதுல போய் நான் தப்பு விடுவேனா?"

"உன்னச் சொல்லலடா. என்னைத்தான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். நாளைக்கு எவன் என்னை எண்ண விடுவான்? கால் போச்சு, எண்ணிப் பொழைக்கலாம்னு இருந்தேன்."

மச்சான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தார். தையல் போட்ட நெற்றி கம்பியில் இடித்தது. நெட்டை அவர் தோளைத் தட்டினான், பிறகு வெல்டரைப் பார்த்தான்.

"நீங்க சொல்லுங்கண்ணே. வண்டியக் கட்டுனவரு நீங்க. நூத்திநாப்பது தாங்காதா?"

"தாங்கும்," என்றான் வெல்டர்.

"அப்புறம் எப்படி விழுந்துச்சு?"

அறையில் ஆறு கட்டில்கள். பக்கத்துக் கட்டில்காரரும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெல்டர் வாயைத் திறந்தான்.

"குழி பெருசா இருந்திருக்கும்," என்றான்.

இது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. மச்சான் இப்போது அதே கம்பெனியில் வாசல் கூட்டுகிறார். நெட்டையை யாரும் எண்ணக் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் வெல்டர் தர வேண்டிய ஒரு வாக்குமூலம் பாக்கி: குழாயை நான் முழுசாகப் பற்றவைக்கவில்லை, அது தெரிந்தும் சொல்லவில்லை. இன்னும் கொடுக்கவில்லை.