குளியலறைக்குள் அமராவதி

கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த பாலுசாமிக் கவுண்டர், ஊட்டி எஸ்டேட் ஏலத்தில் ஒரு டிரில்லிங் மெஷின் எடுத்தார். அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு பழைய இரட்டைக் கண் கேமரா. "எடைக்குக்கூடத் தேறாது, நீயே வெச்சுக்க கண்ணு" என்று மகள் வசந்தாமணியிடம் கொடுத்துவிட்டார். என்ன கொடுக்கிறோம் என்று பாவம், அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

அந்தக் கேமராவைக் கண்ணில் வைக்க வேண்டியதில்லை. வயிற்றோடு அணைத்துத் தலையைக் குனிந்தால், மேலே உள்ள கண்ணாடியில் உலகம் இடம் வலம் மாறித் தெரியும். பொட்டப்புள்ள தலை குனிஞ்சு நிக்கோணும் என்று வீடே பாடம் நடத்தியதல்லவா? குனிந்தாள். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். மூச்சைப் பிடித்து விசையை அழுத்தி, அந்தச் சின்ன 'டிக்' கேட்கும்போது உடம்பெல்லாம் இனித்தது.

போன வியாழக்கிழமை டைப்ரைட்டிங் பரீட்சை என்று பொய் சொல்லிவிட்டு, தன்னந்தனியாக பஸ் ஏறித் தாராபுரம் போய் அமராவதி ஆற்றை எடுத்துவந்தாள். இருபத்திரண்டு வயதில் அவளுக்கென்று வாய்த்த ஒரே பகல் அது. அந்தப் பகல் முழுக்க இப்போது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கும்மிருட்டாக்கிய குளியலறையில், கழுவாத ஃபிலிமாக அவள் கையில் இருந்தது. ஃபிலிம் கழுவும் டப்பாவின் சக்கரத்தில் சுற்றி, உள்ளே போட்டு மூடிவிட்டால் அப்புறம் கதவைத் திறக்கலாம். அதற்குள் வெளிச்சம் பட்டால் அத்தனையும் போச்சு.

தகரக் கதவைத் தட்டினாள் அம்மா ராசாத்தாள். "வசந்தா, வெள்ளகோவில்காரங்க வந்துட்டாங்க. வெளிய வா."

"பொண்ணு பாக்க ஆறு மணிக்கு மேல வாரோம்னாங்களே?"

"ராகுகாலத்துக்கு முன்னாலயே வந்துபோட்டாங்க. வா கண்ணு, மானத்த வாங்காத."

"அஞ்சே நிமிசம்மா. இப்பத் தொறந்தா எல்லாம் போயிரும்."

கை வியர்த்தது. ஃபிலிம் சக்கரத்தில் பாதியில் சிக்கிக்கொண்டது. சரி, அப்படியே டப்பாவில் திணித்து மூடலாம் என்றால், மூடி எங்கே உருண்டதோ! ஈரத் தரையில் மண்டியிட்டுத் துழாவினாள்.

வெளியே அம்மாவின் குரல் ஓய்ந்தது. 'கிர்ர்க்' என்று ஒரு சத்தம். கூடத்தில் விருந்தாளிகளை வைத்துக்கொண்டு லேத்துக்காரர் கதவை உடைப்பாரா? அதிகச் சத்தமில்லாமல் கீலின் ஸ்குரூக்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வேண்டாங்கப்பா." அடுத்த ஸ்குரூ. மூடி அவள் விரலில் தட்டுப்பட்ட அதே நேரம் கதவு பெயர்ந்து நகர்ந்தது. வெயில் உள்ளே வந்தது.

அழக்கூட விடவில்லை. முகத்தைத் துடைத்து, பட்டுச்சேலை சுற்றி, காபித் தட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். ஃபிலிமை மட்டும் கைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். காபி கொடுத்துவிட்டு, பாயில் குனிந்து உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தலையே நிமிராம எப்படி அடக்கமா ஒக்காந்திருக்குது பாருங்க. எங்களுக்குப் புடிச்சுப்போச்சுங்க. கையில என்ன அம்மணி?"

வசந்தாமணி தலையை நிமிர்த்தினாள்.

"அமராவதி ஆறுங்க. பரீட்சைன்னு ஊட்டுல பொய் சொல்லிப்போட்டு, ஒத்தையா தாராபுரம் போய் எடுத்தனுங்க."

அப்பாவின் காபி டம்ளர் பாதியில் நின்றது. அவள் ஃபிலிமை மெல்லப் பிரித்து அந்த அம்மாளின் மடியில் நீட்டிவிட்டாள்.

"நல்லாப் பாருங்க. வெளிச்சம் பட்டுப்போச்சு, இனி ஒண்ணும் தெரியாதுங்க."