கீழ் லயத்தில் ஒரு லேசர் பிரிண்டர்

ஜீவராணி குவைத்திலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு, அவள் பெற்ற பிள்ளையே அவளை யார் என்று கேட்டது. அதையும் அவளிடம் கேட்கவில்லை. பெரியம்மா பிரேமினியின் காலைக் கட்டிக்கொண்டு, “அம்மா, இது யாரு?” என்று கேட்டது. இரண்டு வயதில் விட்டுப்போன பிள்ளை. நாலு வயதில் வேறு யாரை அம்மா என்று கூப்பிடும்? தூக்கி வளர்த்தவளைத்தானே கூப்பிடும். நியாயம்தான். ஆனால் நியாயமாக இருக்கிறது என்பதற்காக வலிக்காமல் போய்விடுமா என்ன?

செத்தாலும் இனி பிளேன் ஏறுவதில்லை என்று அன்றைக்கே ஜீவராணி முடிவெடுத்தாள். சுலக்ஷனா அவளோடு ஒட்டுவதற்கு எட்டு மாதம் ஆனது. இப்போது பிள்ளைக்கு ஆறு வயது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். அந்தக் கையை எடுக்காமல் இருக்க வேண்டும், ஜீவராணிக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். புருஷன் சுதாகரன் கொழும்பில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவில் அவள் பேரை வெட்டி நாலு வருஷமாகிறது. அப்புறம் எதை வைத்துப் பிழைப்பது?

லேபலை வைத்துத்தான். யாத்திரை மலையின் அடிவாரத்தில், நல்லதண்ணியில், செல்லசாமி என்று ஒருவர் சீசன் கடை போடுவார். மலையேற வருகிறவர்களுக்குத் தேயிலைப் பக்கட் விற்பார். போன சீசனில் ஜீவராணி தன் போனில் எடுத்த படத்தை, மலைக்குப் பின்னால் சூரியன் எழும்புகிற படத்தை, தெரிந்தவர் வீட்டு மை பிரிண்டரில் லேபலாக அடித்துக் கொடுத்தாள். சனம் படத்தைப் பார்த்துத்தான் பக்கட்டை எடுத்தது. மூன்றாம் நாள் தூறல் விழுந்தது. சூரியன் கரைந்து மலை மேல் வழிந்து, மலை பக்கட்டிலிருந்து ஒழுகி, வாங்கிய வெள்ளைக்காரர் கையெல்லாம் நீலமாகிப் போனது. செல்லசாமி ஏசவில்லை, சிரித்தார். “தண்ணி பட்டா போகாத லேபல் அடிச்சுக் குடு தங்கச்சி. அடுத்த சீசன் பூரா ஒனக்குத்தான். ஆயிரம் லேபல்ல ஆரம்பிப்போம்” என்றார்.

அந்த ஒரு வாக்கை நம்பி, குவைத் காசில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு அவள் அட்டனுக்குப் பஸ் ஏறினாள். அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சிறில் பொறுமைசாலி. இரண்டு மெசினைக் காட்டினார்.

“படம் மட்டும் அழகா வரணும்னா மை மெசின் போதுங்க. தண்ணிக்குத் தாங்கணும்னா லேசர்தான். இது மை இல்ல, தூள். சூட்டில உருக்கித் தாள்ல ஒட்டிரும். பளபளப்புக் கொஞ்சம் கொறையும், ஆனா அழியாது.”

ஜீவராணி லேசுப்பட்டவள் இல்லை. மாதிரிக்கு ஒரு லேபல் அடித்துத் தரச் சொல்லி, அதைக் கொண்டுபோய்க் கடைவாசல் பைப்பில் பிடித்தாள். நனைந்த லேபலைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். ஒன்றும் வரவில்லை. அப்புறமும் விடவில்லை. தூள் ஒரு டப்பா எத்தனை தாளுக்கு வரும், தடித்த தாள் உள்ளே மடங்காமல் நேராகப் போகுமா, லேபல் பசை சூட்டில் இளகி மெசினுக்குள் ஒட்டிக்கொள்ளாதா, அதற்கென்று தனித் தாள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சிறிலே ஒரு கட்டத்தில், “நீங்க கடையே போடலாங்க” என்றார். இவ்வளவு கேட்டவள், கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. இந்த மெசின் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று. குவைத்து வீட்டில் சுவரில் எங்கே குத்தினாலும் எதுவும் ஓடும். இரண்டு வருஷத்தில் அவளுக்குக் கரண்ட் தாங்குமா என்ற பயமே விட்டுப்போயிருந்தது. சிறிலுக்கோ, லயத்து வயரைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியம் வாழ்க்கையில் வந்ததில்லை.

கீழ் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. பத்துக்கும் சேர்த்துக் கோடியில் ஒரே மீட்டர், தோட்டத்தின் பேரில். வீட்டுக்கு ஒரு பல்பு எரிந்தால் போதும் என்று எந்தக் காலத்திலோ இழுத்த வயர் அது.

மேசைக்கால் ஆடாமல் அட்டை மடித்து வைத்து, மெசினை ஏற்றி, ஆரஞ்சு நிற டேப்புகளை ஒவ்வொன்றாக உரித்து, நாலு நிறத் தூள் டப்பாவையும் அதனதன் இடத்தில் தள்ளி, குவைத்தில் வீட்டுக்காரம்மா மகன் வேண்டாமென்று கொடுத்த லேப்டொப்பில் பூட்டி முடிக்க ஒரு முழு நாள் ஆனது. முதல் தாள் வந்தது. எட்டு லேபல், எட்டு மலை, எட்டுச் சூரியன். சுலக்ஷனா கைதட்டிக் குதித்தாள். ஜீவராணி கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். மலை விரலோடு வந்துவிட்டது.

சிறிலுக்குப் போன் போட்டாள்.

“தாள் வகையில லேபல்னு மாத்துனீங்களா? சாதாத் தாள்னு இருந்தா சூடு பத்தாதுங்க. மாத்துங்க. மெதுவா வரும், ஆனா ஒட்டும்.”

மாற்றினாள். மெசின் உறுமியது. பல்பு மஞ்சளாகிச் சோர்ந்தது, அப்புறம் பொட்டென்று அணைந்தது. பத்து வீட்டு டிவியும் ஒன்றாக ஊமையானது. பக்கத்து வீட்டு வேலாயி வாசலுக்கு வந்து, “ராணி மெசினப் போட்டுட்டாடி!” என்று லயம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் போய் மெயின் சுவிச்சைத் தூக்கிவிட்டார்.

ஆக, விஷயம் இவ்வளவுதான். சாதாத் தாளென்று வைத்தால் படம் அழியும். லேபலென்று வைத்தால் லயம் இருளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் எல்லாரும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, கொழுந்தெடுக்க மலைக்கு ஏறியதும், அவர்கள் பகல் சாப்பாட்டுக்கு வரும்வரை அடிப்பது. வேலாயி பிரிட்ஜ் வைத்து ஐஸ் பக்கட் விற்கிறவள். “உருகுனா உருகட்டும்டி” என்று அதையும் அணைத்துவிட்டுப் போனாள். பனியில் லேபல் தாள் சுருண்டுகொள்ளும். அடுப்பருகே காயவைத்து, அரிசி மூட்டைக்கு அடியில் வைத்து நிமிர்த்தி எடுப்பாள். பதினோரு நாளில் அறுநூறு லேபல் சேர்ந்தது. தேய்த்தால் அசையாத, நனைத்தால் கரையாத அறுநூறு மலை. அந்தப் பதினோரு நாளும் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

பன்னிரண்டாம் நாள் காலை கோடியில் மெயின் சுவிச் கருகியது. லயம் மூன்று நாள் இருட்டில் கிடந்தது. தோட்டத்து எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னதும், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு கையில் ஒரு கடிதத்தோடு வந்தார்.

“இது குடியிருக்கக் குடுத்த லயம். பிசினஸ் பண்ணக் குடுத்தது இல்ல. இனிமே அந்த மெசின இந்த லைன்ல பூட்டக்கூடாது.”

லயத்தில் ஒருவரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசியாவது ஆறியிருக்கலாம்.

தனி மீட்டர் கேட்டு மின்சார சபைக்குப் போனாள். அங்கிருந்தவர் மரியாதையாகவே சிங்களத்தில் கேட்டார், வீடு யாருடையது? என்னுடையது. உறுதிப் பத்திரம் இருக்கிறதா? இல்லை. அப்படியானால் தோட்டத்திலிருந்து கடிதம் கொண்டுவாருங்கள். தோட்டத்து ஆபீசில், சபை முதலில் எழுதட்டும் என்றார்கள். மறுபடி சபை. மறுபடி ஆபீஸ். அவளுடைய தாத்தா பிறந்தது அந்த அறையில், அப்பா செத்தது அந்த அறையில், அவள் பிள்ளை பெற்றுக் கொண்டுவந்து கிடத்தியதும் அந்த அறையில்தான். அது அவளுடையது என்று சொல்ல மட்டும் உலகத்தில் ஒரு துண்டுக் கடுதாசி இல்லை.

சனங்களுக்குள் தன் சொந்தப் பேரில் மீட்டர் வைத்திருப்பது மாரியம்மன் மட்டும்தான். ஜீவராணி கோயில் தலைவரிடம் போய், மேளம் வைக்கிற அறையில் ஒரு மூலை கேட்டாள். அவர் தாடையைத் தடவினார். “ஒனக்குக் குடுத்தா நாளைக்கு ஒருத்தன் மாவு அரைக்கிற மெசினத் தூக்கிட்டு வருவான் தாயி. கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க” என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. அந்த ஒரு மாதம் முழுக்க அவள் சந்தித்த யாருமே பிழையாக எதுவும் சொல்லவில்லை.

அதற்குள் கார்த்திகை முடிந்து சீசன் தொடங்குகிற பௌர்ணமி, போயா விடுமுறை, நெருங்கியது. செல்லசாமி போன் போட்டார். “கோவிச்சுக்காத தங்கச்சி. லேபல் கொழும்புல அடிச்சு வந்துருச்சு. போயாவுக்குக் கட தொறக்கணும்ல. நீ அடிச்சதயும் அதயும் கலந்து வச்சா நல்லாருக்காது.” அறுநூறு மலையும் அரிசி மூட்டைக்கு அடியிலேயே கிடந்தன. மெசின் மேல் பெட்ஷீட்டைப் போட்டு மூடினாள். சுலக்ஷனா அதன் மேல் கொப்பியை வைத்து வீட்டுப்பாடம் எழுதினாள். உயரம் அவளுக்குச் சரியாக இருந்தது.

பாஸ்போட் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. அது இன்னும் செல்லும். வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சிக்கு அவள் போன் எடுத்தபோது பிரேமினி அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “நான் பாத்துக்கிறேன்டி” என்றாள், திரும்பாமலே.

தை மாதத்துப் போயா, ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. மறுநாள் விடியலில் அட்டனிலிருந்து ஏர்போட்டுக்கு வேன். பின்னேரம் மூன்று மணிக்கு ஏஜென்சிப் பெண் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள்: பேக்கிலும் நெஞ்சிலும் போட்டோவும் பேரும் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே ஏர்போட்டில் கூட்டிப்போக வருகிறவர்களுக்கு ஆள் தெரியாது. போயாவுக்கு டவுனில் கடையெல்லாம் பூட்டு.

“பேப்பர்ல எழுதி ஒட்டிக்கிறேன்” என்றாள் ஜீவராணி.

“வீட்டுல மெசின வச்சுக்கிட்டுப் பேப்பராம்” என்றாள் வேலாயி. அவளே லயத்து வாசலோடு நடந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனாள். “எல்லாரும் கரண்ட நிப்பாட்டுங்க! டிவி, கேத்தல் எல்லாத்தையும்! ராணி நாளைக்குப் போறா. ஒரே ஒரு தாள் அடிக்கணும்!”

பனி இறங்கி இருட்டிக்கொண்டு வந்த பின்னேரம் அது. பத்து வீட்டு விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. சனம் வாசலுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றது. கண்டாக்கின் கடிதத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. இருக்கப்போகிறவளுக்காக இனி ஒருதரமும் இருட்டில் கிடக்க அவர்களால் ஆகாது. போகிறவளுக்காக ஐந்து நிமிஷம் நிற்கலாம். அவர்களைக் குறைசொல்ல ஜீவராணிக்கு மனம் வரவில்லை.

பெட்ஷீட்டை எடுத்தாள். லேபல் என்று வைத்தாள். மெசின் உறுமியது, இந்த முறை மெயின் சுவிச் விழவில்லை. தாள் மெதுவாக, சூடாக வெளியே வந்தது. எட்டு ஜீவராணி.

அவள் கை நீட்டுவதற்குள் சுலக்ஷனா தாளை எடுத்துக்கொண்டாள். அம்மா செய்து பார்த்திருக்கிறாளே, அதேபோல அம்மாவின் முகத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

“அழியலம்மா.”

பேக்குக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று என்று ஜீவராணி உரித்துக்கொண்டாள். மீதி ஆறையும் பிள்ளை விடவில்லை. கதவுக்கு உள்பக்கம் ஒன்று, அரிசி வாளி மூடியில் ஒன்று, தண்ணிக் குடத்தில் ஒன்று, தலைமாட்டுச் சுவரில் இரண்டு, மெசின் மேலேயே ஒன்று. எல்லாம் அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில்.

“எதுக்குடி இத்தன?”

“போன தடவ ஒங்கள எனக்கு யாருன்னு தெரியலையாம்ல. பெரியம்மா சொன்னாங்க” என்றாள் பிள்ளை, குடத்தில் ஒட்டியதை விரலால் அழுத்திக்கொண்டே. “தண்ணி பட்டா இது போயிருமாம்மா?”

“போகாது” என்றாள் ஜீவராணி. “அதுக்குத்தான் இத வாங்குனேன்.”